மார்த்தாவைக் கூப்பிட்ட மூட்டம்

பேய், முனின்னு யாராச்சும் பேச ஆரம்பிச்சா நான் எந்திரிச்சு வேற சோலி பாக்கப் போயிருவேன். பயந்துக்கிட்டு இல்லைங்க, நம்பிக்கை இல்லாமத்தான். இந்தப் பூண்டி மலையிலயே பொறந்து, இங்கயே வாக்கப்பட்டு, வெள்ளனே ஒத்தையில காட்டுக்குப் போயி வந்தவ நான். காட்டு மாடு முட்ட வந்து பாத்திருக்கேன், பன்னி பூண்டுப் பாத்திய உழுது போட்டதப் பாத்திருக்கேன், வேற ஒண்ணையும் பாத்ததில்ல. அதனால இத நீங்க நம்பாட்டி எனக்கு வருத்தமில்ல. ஆனா என் முன்வாய்ப் பல்லு ரெண்டு இல்லாததுக்கு நான் வேற என்ன காரணம் சொல்ல.

எங்க ஊரு விளிம்புல, பூண்டுக் காட்டுக்கு மேல, ஒரு பாலர் பள்ளி இருக்கு. அங்க நான் சமையல் ஆயா. மார்த்தா போலந்து தேசத்துல இருந்து சம்பளம் வாங்காம பிள்ளைகளுக்குப் பாட்டு, படம்னு சொல்லிக்குடுக்க வந்த பொண்ணு, எங்க வீட்டு மேல் ரூம்லதான் தங்கியிருந்தா. நான் யாருகிட்டயும் வாயெடுத்துப் பேச மாட்டேன், அவளுக்குத் தமிழ் வராது, அதனால ரெண்டு பேருக்கும் நல்லா ஒத்துப்போச்சு. மழைக் காலத்துல கால்ல அட்டை ஏறுனா நாங்க உப்பப் போட்டுக் கொல்லுவோம், அவ இலையால எடுத்து வரப்போரம் விட்டுட்டு வருவா. அப்பேர்ப்பட்ட பொண்ணு. இத எதுக்குச் சொல்றேன்னா, அன்னைக்கு அவ செஞ்சது அவ செஞ்சது இல்லன்னு உங்களுக்குத் தெரியணும்.

எங்க மலையில ஒரு பழக்கம் உண்டு. பனி மூட்டம் இறங்கிருச்சுன்னா காட்டுல யாரும் யாரையும் பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டோம். களை எடுக்குற களக்கொத்தால கல்லுல தட்டுவோம், அந்தப் பக்கம் இருக்குறவுக திருப்பித் தட்டுவாக, அம்புட்டுத்தான். மூட்டத்துல சத்தம் எங்கிட்டு இருந்து வருதுன்னு தெரியாது, கூப்பிட்ட சத்தத்தப் பாத்து நடந்தா பள்ளத்துல விழுந்துருவாக, அதுக்காகப் பெரியவுக ஏற்படுத்துன பழக்கம்னுதான் நானும் நெனச்சிருந்தேன்.

அவ பொறந்த நாளுக்குக் கொடைக்கானல்ல இருந்து கேக்கு வந்துச்சு, பஸ்ஸுல கண்டக்டர் தம்பி மடியில வச்சுக் கொண்டாந்தும் ஒரு பக்கம் நசுங்கிப்போச்சு. நான் சேமியா பாயாசம் வச்சேன். காலையிலிருந்தே பொண்ணுக்கு முகம் சரியில்ல. வீட்ட விட்டு வந்து மொதப் பொறந்த நாளு இல்லையா, அவுகம்மா நெனப்பு. சாயங்காலம் அம்மா போன் பண்ணும்னு சைகையில சொன்னா. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு, மலை தெரியிற மாதிரி போட்டோ எடுக்கலாம்னு செல்வி டீச்சர் வாசல்லயே பெஞ்சப் போட்டாக. கேக்க வைக்கவும் மலையக் காணோம், மூட்டம் வந்து வேலி வரைக்கும் மூடிருச்சு.

நான் டீச்சர்கிட்ட மெதுவாச் சொன்னேன், "உள்ள வச்சு வெட்டலாம் டீச்சர், மூட்டத்துல பேரச் சொல்லிக் கத்த வேணாம்."

"ஏன் ஆயா, மூட்டத்துக்குக் காது இருக்கா?" டீச்சர் திண்டுக்கல்காரவுக, இந்தப் பழக்கமெல்லாம் தெரியாது. "ஹேப்பி பர்த்டேல பேரச் சொல்லாம 'ஏ பிள்ள'ன்னா பாடச் சொல்றீங்க?"

பிள்ளைக எல்லாம் சிரிச்சுதுக. நான் பாத்திரம் கழுவ வேலியோரம் போயிட்டேன்.

பாடுனாக. அந்தப் பாட்டுல பேரு வர்ற இடத்துல இழுத்துப் பாடுவாகல்ல, பிள்ளைக தொண்டை கிழிய "மார்த்தா"ன்னு இழுத்துதுக. பாட்டு முடிஞ்சு கை தட்டி அந்தச் சத்தமும் அடங்குச்சு. அதுக்கப்புறம் பள்ளத்துப் பக்கம் மூட்டத்துக்குள்ள இருந்து ஒரு பொம்பளக் குரல். "ஹோச் து, மார்த்தூஷ்." அவ பாஷையில 'இங்க வா, மார்த்தாக் கண்ணு'ன்னு அர்த்தமாம். ரொம்பப் பிரியமா, சாப்பிடக் கூப்பிடுற மாதிரி. எங்க ஊருல அந்தப் பாஷை பேச யாரு இருக்கா சொல்லுங்க. எதிரொலின்னு டீச்சர் சொல்லி வாய மூடல, திரும்பவும் கேட்டுச்சு.

மார்த்தா முகத்துல அப்பிடி ஒரு சிரிப்பு. கேக்கு வெட்டக் குடுத்த காய்கறிக் கத்தி கையில இருக்கு, அப்பிடியே நடந்து வாரா வேலியப் பாத்து. வேலிக்கு அங்கிட்டு பூண்டுப் பாத்தி, சரிவு, அதுக்கப்புறம் ஒண்ணுமே கெடையாது, கல்லு விழுந்தா சத்தம் கேக்காத பள்ளம்.

நான் குறுக்க போயி இடுப்பச் சேத்துப் பிடிச்சேன். முழங்கைய வீசி என் வாயில அடிச்சா பாருங்க, பல்லு ரெண்டும் நாக்குல கெடக்கு, வாயெல்லாம் ரத்தம். நான் விடல. என் மூஞ்சியப் பாக்கவே இல்ல அவ, கண்ணு மூட்டத்துலயே இருக்கு, சிரிப்பும் மாறல, கை மட்டும் கத்தியத் திருப்பி என் இடது கையில இழுத்துருச்சு. கோழி அறுக்குற மாதிரி ஒரே இழுப்பு. சதை பிளந்து வெள்ளையாத் தெரிஞ்சது, அதுக்கப்புறந்தான் ரத்தம் கொட்டுச்சு. கத்தி கீழ விழுந்திருச்சு. முள்ளுக் கம்பி வேலியில ரெண்டு பேரும் சேந்து விழுந்தோம், அவ தொடையில கம்பி ஏறி சர்ருன்னு கிழிஞ்சும் நிக்கல, என்னையவும் சேத்து இழுத்துக்கிட்டுச் சரிவுல போறா. என் எடை என்ன, அவ ஒல்லி உடம்பு என்ன.

கீழ்க் காட்டுல களை எடுத்துக்கிட்டிருந்த என் கொழுந்தன் வேலுச்சாமி ஓடியாந்தாரு. "என்ன மதினி இது, பிள்ளைக்கு என்ன கோட்டி பிடிச்சிருச்சா?"

"காலப் பிடிங்க தம்பி. பள்ளத்துக்குப் போறா."

காலப் பிடிச்சவரு மூஞ்சியில குதிகாலால மிதிச்சா. மூக்கு உடைஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. அவரு ரத்தத்தத் துப்பிக்கிட்டே மேல விழுந்து அமுக்குனாரு, கையில கடிச்சுச் சதையப் பிச்சா, "கடிக்கிறாளே, கொல்லப் பாக்குறாளே"ன்னு கத்திக்கிட்டே களக்கொத்துப் பிடியால அவ முழங்கால்ல ஓங்கி அடிச்சாரு. கால் மடங்கிப் போச்சு. தலையில கட்டியிருந்த துண்ட அவுத்துக் கையக் கட்டுனாரு.

இனிமேத்தான் நீங்க நம்ப மாட்டீங்க. கை கட்டியாச்சு, கால் ஒடிஞ்சு மடங்கிக் கெடக்கு, அவ குப்புறக் கெடக்கா, மேல நாங்க ரெண்டு பேரு. அப்பிடியும் மூணு பேரும் சரிவுல போய்க்கிட்டே இருக்கோம். அவ எதையும் உந்தல, ஏதோ ஒண்ணு முன்னால இருந்து முடியப் பிடிச்சு இழுக்குற மாதிரி அவ தல தூக்கிக்கிட்டு நிக்குது. பாத்தி மண்ணு எங்க ரெண்டு பக்கமும் ஏர் ஓட்டுனாப்புல பிளக்குது, பூண்டுத் தழை என் வாய்க்குள்ள போகுது. அந்தக் குரல் இப்ப பிரியமா இல்ல. பல்லக் கடிச்சுக்கிட்டுக் கூப்பிடுது.

நான் ஆயுசுல கத்தாதவ அன்னைக்குக் கத்துனேன். "டீச்சர், தட்டத் தட்டச் சொல்லுங்க. எல்லாப் பிள்ளையவும் தட்டத் தட்டச் சொல்லுங்க."

செல்வி டீச்சர் அழுதுக்கிட்டே நின்னவுக, என்ன ஏதுன்னு கேக்காமத் தட்டு டம்ளர எல்லாம் பிள்ளைக கையில குடுத்தாக. பிள்ளைக அடிச்ச அடி, மலையே அதிருது, குரலு அதுக்குள்ள அமுங்கிப் போச்சு. மார்த்தா துணி மாதிரித் துவண்டா. மூட்டம் விலகுனப்ப பாத்தேன், அவ முடி பள்ளத்துக்குள்ள தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில மூணு பேருக்கும் கட்டுப் போட்டாக. காட்டு மாடு முட்டிருச்சுன்னு சொன்னோம், டாக்டர் என் கையப் பாத்தாரு, ஒண்ணும் கேக்கல. மார்த்தாவுக்கு எதுவுமே நெனவில்ல, என் வாயத் தொட்டுப் பாத்து அழுதா. சாயங்காலம் வீடியோ போன் வந்துச்சு. அவுகம்மா வாயத் திறக்குது, உதடு ஆடுது, சத்தம் வரல. போன் கோளாறுன்னு நெனச்சோம், பக்கத்துல அவுகப்பா பேசுனது நல்லாக் கேட்டுச்சு. காலையில பக்கத்து வீட்டுக்காரவுககூடப் பேசிக்கிட்டு இருந்த அம்மாவுக்கு, பாதிப் பேச்சுல குரல் நின்னுபோச்சாம். செல்வி டீச்சர் அந்த ஊரு நேரத்தக் கணக்குப் போட்டுப் பாத்துட்டு என் கையப் பிடிச்சுக்கிட்டாக. இங்க கேக்கு வெட்டுன நேரம்.

மார்த்தா ஊருக்குப் போயிட்டா. அம்மாவுக்குத் தொண்டையில ஒரு குறையும் இல்லன்னுதான் எல்லா டாக்டரும் சொல்றாகளாம், ஆனா குரல் திரும்பவே இல்ல. அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். மூட்டம் இறங்குற நாளெல்லாம் எங்க காட்டுல கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. நாங்க வெரசா கல்லத் தட்டிக்கிட்டே வீட்டுக்கு வந்துருவோம்.

நான் இத அவகிட்ட சொல்லல. ஆனா பிள்ளைகளுக்குக் காது இருக்கே. போன மாசம் அவ போன்ல பிள்ளைகளப் பாக்கணும்னா, அதுக வரிசையா நின்னு "ஹோச் து, மார்த்தூஷ்"னு அந்தக் குரல்ல இருந்த அதே இழுப்போட சொல்லிக் காட்டுச்சுக. போன்ல அவுகம்மா ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டு அழுதத நான் பாத்தேன். மார்த்தா அரைகுறைத் தமிழ்ல சொன்னா, "ஆயாம்மா, அம்மா குரல் அங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

வராதேன்னு சொல்லிப் பாத்தேன், டீச்சரும் சொன்னாக, வேலுச்சாமி போன வாங்கிக் கும்பிட்டே கேட்டாரு. கேக்க மாட்டேங்கிறா, டிக்கெட் போட்டுட்டா. அவ பொறந்த நாளைக்கு இங்க இருப்பாளாம்.

அவ டிக்கெட் போட்டுட்டேன்னு சொன்ன நாள்ல இருந்து தினம் மூட்டம் இறங்குது. குரல் மட்டும் கேக்கவே இல்ல.