வீரபாண்டி கொடுக்க மறுத்த பாஸ்போர்ட்

துபாய் அல் குசைஸில் வீரபாண்டியைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவருடைய பாஸ்போர்ட்டையும் தெரியும். ஏசி குழாய் செய்யும் பட்டறையில் அவர் ஃபோர்மேன். பிளாஸ்டிக் உறையில் சுற்றிய பாஸ்போர்ட் இடுப்பு பெல்ட்டுக்குள் இருக்கும். குளிக்கப் போனாலும் கூடவே போகும். “அண்ணே, அதுக்கும் சோப்பு போட்டு விடுறீங்களா?” என்று பட்டறையில் கிண்டல் செய்வார்கள். சிரித்துக்கொள்வார். விசா அடிக்கவென்று பாஸ்போர்ட்டைக் கேட்ட கம்பெனிகளில், பின்னாலேயே போய் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, கையில் வாங்கிக்கொண்டுதான் எழுந்திருப்பார். அதனாலேயே இரண்டு நல்ல வேலைகள் போயின. போகட்டும் என்று விட்டவர்தான்.

இந்தப் பிடிவாதம் வேடிக்கைக்கு வந்ததல்ல. இளவயதில் அவர் புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகளுக்குள் இறங்கிக் கழுவும் வேலையில் இருந்தார். எல்லோருடைய பாஸ்போர்ட்டும் கம்பெனி ஆபீஸ் இரும்புப் பெட்டிக்குள் கிடந்தது. சாவி கிளார்க் முகம்மது சித்தீக்கிடம். கீழக்கரைக்காரர். ஊரில் நாலு வயது மகன் முத்திருளனுக்கு மூளைக்காய்ச்சல், மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று ஒருநாள் போன் வந்தது. வீரபாண்டி ஆபீசுக்கு ஓடினார். “நாளைக்கு காலையில வாங்க தம்பி, நான் எடுத்து வைக்கிறேன்” என்றார் சித்தீக். மறுநாள் போனபோது அதே வாய், “கஃபீல் ஊர்ல இல்ல, பாஸ்போர்ட் மாஃபி” என்றது. முதலாளி இல்லாமல் பாஸ்போர்ட் கிடையாதாம். காலில் விழுந்தும் பார்த்தார். நடக்கவில்லை. தினமும் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து ஊருக்குப் போன் போட்டார். “தேறிட்டு வாறான்” என்றாள் மனைவி ராக்கம்மா. ஒரு வாரம் கழித்து, பிள்ளை போய்விட்டான் என்றாள்.

அன்றிலிருந்து சித்தீக் அவருக்குக் கொலைகாரர். அடுத்த வருஷம் லீவில் ஊருக்குப் போனபோது அவர் முன்னால் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. எப்போதோ ஒருமுறை துபாயில் டீக்கடையில் சித்தீக் எதிரே வந்து ஸலாம் சொல்லிக் கையை நீட்டினார். வீரபாண்டி தரையில் காறித் துப்பிவிட்டு வெளியே வந்தார். அந்த மனிதர் நீட்டிய கையைத் தானே மடக்கிக்கொண்டார்.

முத்திருளன் போனபோது வயிற்றில் இருந்தவள் யோகலட்சுமி. அவள் நர்ஸாகி இங்கிலாந்து போனாள். அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலிருந்து டோவர் துறைமுகம் பக்கம். மலைமேல் பழைய கோட்டை, கீழே வெள்ளைச் சுவர் எழுப்பின மாதிரி பாறை, அதன் காலடியில் கப்பல். அங்கிருந்து நார்வே வரைக்கும் ஒரு சுற்றுலாக் கப்பல் போகிறது, அதில் அம்மாவையும் அப்பாவையும் ஏற்றிவிட வேண்டும் என்பது அவள் வெகுநாள் ஆசை. இளவயசில் கப்பலுக்கு எண்ணெய் நிரப்பும் ஊரில் தொட்டி கழுவிக் கிடந்த மனுஷன் ஒரு தடவையாவது கப்பலில் சட்டை கசங்காமல் உட்காரட்டுமே என்றாள். விசா ஆபீசில்கூடப் பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தேடிப்பிடித்துச் செய்து கொடுத்தாள். அப்பனை அறிந்த பிள்ளை.

ஆனால் டோவரில் நடக்கப்போவது அவளுக்கும் தெரியாது. கப்பல் ஏறும் நாள். பெட்டிகள் உள்ளே போய்விட்டன. கவுண்டரில் இருந்த வெள்ளைக்காரப் பெண் இருவருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தாள். பிறகு திருப்பித் தராமல், பக்கத்திலிருந்த தட்டில் வைத்து, சிரித்த முகமாக ஏதோ சொன்னாள்.

“இது கப்பல்லயே இருக்குமாம்ப்பா. ஒவ்வொரு துறைமுகத்துலயும் காட்டணுமாம். திரும்பி வந்ததும் குடுத்துருவாங்க” என்றாள் யோகலட்சுமி.

வீரபாண்டியின் கை எப்படி நீண்டது என்று அவருக்கே தெரியாது. தட்டிலிருந்து தன்னுடையதைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. கவுண்டர் பெண் பயந்து நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

“குடுக்க முடியாது” என்றார்.

“எல்லார்கிட்டயும் வாங்குறாங்கப்பா. இங்க யாரும் உங்கள அடைச்சு வைக்கப் போறதில்ல.”

“அவனும் இப்பிடித்தான் சிரிச்சான். நாளைக்கு வான்னான்.”

பின்னால் வரிசை நீண்டது. பூப்போட்ட தொப்பி வைத்த கிழவிகள் எட்டிப் பார்த்தார்கள். இன்னொரு அதிகாரி வந்து பொறுமையாகச் சொன்னார்: கொடுக்காவிட்டால் ஏற முடியாது, பெட்டியை இறக்கிவிடுவோம். மகள் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. இத்தனை பேர் நடுவில் அவள் கெஞ்சுவதைப் பார்க்க வீரபாண்டிக்கே வேதனையாக இருந்தது. இருந்தாலும் விரல் திறக்கவில்லை.

“அம்மாவ மட்டும் ஏத்தி விடுத்தா. நான் இங்கனயே கெடக்கேன்.”

ராக்கம்மா அவர் முழங்கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துப் போனாள். மகளும் பின்னாலேயே வந்தாள்.

“ஏங்க, சித்தீக் பாயி ஒரு பாவமும் அறியாதவரு. அவரு பாஸ்போர்ட்ட எடுத்து வச்சிட்டாரு. குடுக்காதீங்கன்னு போன் போட்டுச் சொன்னது நாந்தான்.”

வீரபாண்டிக்கு முதலில் புரியவில்லை. அவள் வேறு யாருடைய கதையையோ சொல்கிறாள் என்றே நினைத்தார்.

“நீங்க போயி வாசல்ல நின்ன அன்னைக்கு, நம்ம பிள்ளைய மண்ணுக்குள்ள வச்சாச்சு. மொத நாளு சாயங்காலமே போயிட்டான். விடிஞ்சதும் பூத்துலேர்ந்து ஆபீசுக்குப் பேசுனேன். வந்தீங்கன்னா அந்த மண்ண விட்டு எந்திரிச்சிருக்க மாட்டீங்க. வயித்துல இவ. எங்களுக்குன்னு நின்னு சம்பாதிக்க ஒரு ஆளு வேணும்னு இருந்துச்சு.”

“அந்தாளுக்குத் தெரியுமா?”

“தெரியும். நான் செத்தாலும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனேன். பழி எம்மேல இருக்கட்டும் தாயின்னாரு.”

வீரபாண்டி சுவரில் சாய்ந்தார். இருபத்தைந்து வருஷமாக மனதுக்குள் சித்தீக்கைக் கொன்று கொன்று போட்டிருக்கிறாரே, அத்தனையும் யார்மேல் போய் விழுந்தது? அந்த ஒரு வாரத்துக்குள் ஊருக்கு ஓடியிருந்தால் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கலாம் என்று அழுத அழுகைக்கெல்லாம் என்ன அர்த்தம்? ராக்கம்மாவை அடித்துவிடலாம் போல இருந்தது. அவள் காலைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டுக்கும் தெம்பில்லை. யோகலட்சுமி அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவர் மெல்ல நடந்துபோய் பாஸ்போர்ட்டைத் தட்டில் வைத்தார். கவுண்டர் பெண் நன்றி சொன்னாள்.

கப்பல் நகர்ந்தபோது மேல்தளத்தில் பாட்டும் கைதட்டலுமாக இருந்தது. கீழே மகள் கையாட்டிக்கொண்டே சிறுத்துப் போனாள். இருவரும் கம்பியைப் பிடித்தபடி தள்ளித் தள்ளி நின்றார்கள். வெள்ளைப் பாறை கண்ணுக்கு மறைந்தபோது வீரபாண்டி கேட்டார்.

“அந்த ஒரு வாரமும் நான் போன் போட்டேனே. தேறிட்டு வாறான்னு சொன்னியே. குரல் கொஞ்சங்கூட மாறலையே, புள்ள.”

“அழுதா தொண்டை கட்டிப்போகும், நீங்க கண்டுபிடிச்சிருவீங்க” என்றாள் ராக்கம்மா. “அதான் உங்க போனு வந்து முடியிற வரைக்கும் அழுகாமயே இருந்தேன். அப்புறமா அழுவோம்னு பாத்தா, வரவே இல்ல.”

வீரபாண்டி நகர்ந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார்.