நெத்தியில நின்ன ராகுகாலம்

கண்ணாடிக்குள்ள எழுத்து வரவைக்கிற தொழில்ல மொத எதிரி வெளிச்சம்தாங்க. பழைய மானிட்டர் முன்னாடி, பின்னால வெளிச்சம் இருந்தா ஊடுருவித் தெரியற ஒரு தனி மாதிரி கண்ணாடிய வச்சா, மூஞ்சியும் தெரியும், மணி, மழை, ராகுகாலமும் வெள்ளை எழுத்துல தெரியும். கே.கே. நகர் வீட்டு ஹால்ல நானும் என் மருமக கவிதாவும் செய்யறோம். கம்ப்யூட்டர் அவளுது. அளவு, ஃபிரேம், வாய் எல்லாம் என்னுது. பேத்திக்குன்னு செஞ்சதைப் பாத்துட்டு ஸ்ரீரங்கத்துலேர்ந்து மொத ஆர்டர் வந்துச்சு. இந்த ஆர்டர் திரும்பி வந்தா பழையபடி ஆபீசுக்கே போயிடுவேன்னு கவிதா சொல்லிட்டா. வீட்டுல மானிட்டரப் பிரிச்சுப் போட்டுட்டு முழிச்சவங்களுக்கு என் நிலைமை புரியும்.

கறுப்பு சார்ட்

ஃபிரேம் போட உறையூர் ஆசாரிகிட்ட போனோம். பின்பக்கம் இருட்டா இருந்தாத்தான் அது கண்ணாடி, வெளிச்சம் பட்டா ஜன்னல். அந்தக் காலத்துல ஒரு ஜவுளிக்கடையில மொதலாளி ரூம் கதவுல இப்படித்தான் ஒண்ணு இருக்கும். அதுல எத்தனை தடவை பல்லைக் காட்டிப் பாத்திருப்பேன். உள்ளேர்ந்து அவரு பாத்திருப்பாருன்னு இப்பத்தான் உறைக்குது. சரி, அதை விடுங்க. மானிட்டரச் சுத்தி கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்ட மறந்துட்டோம். ஆசாரி தலையச் சாய்ச்சுப் பாத்தாரு.

“அம்மா, இதுல தலை சீவணுமா, இல்ல ஒயர எண்ணணுமா?”

திருமண் நேரம்

சார்ட் ஒட்டி, ஸ்ரீரங்கத்துல மாட்டியாச்சு. ஆர்டர் குடுத்தவர் ரிட்டயர்டு வாத்தியார், நல்ல ஒசரம். காலையில குளிச்சுட்டு கண்ணாடி முன்னாடி நின்னுதான் நெத்தியில திருமண் இட்டுப்பாராம். நான் குள்ளம். எங்க ஹால்ல நான் நின்னு பாத்தப்ப எழுத்து தலைக்கு மேல அழகா நின்னுச்சு. அவரு நின்னா சரியா புருவத்துக்கு மேல வந்து உக்காந்துக்குச்சு. குச்சியக் கையில வச்சுக்கிட்டே திரும்பினாரு.

“ஏம்மா, நான் திருமண் இட்டுக்கற எடத்துல ராகுகாலம் இட்டுருக்கேளே?”

மாமி ஒசரம்

கவிதா லேப்டாப்ப மடியில வச்சு எழுத்த கீழ இறக்கினா. இப்ப வாத்தியார் மாமா நெஞ்சுக்கு நேர வந்துடுச்சு. அப்பாடான்னு காபி டம்ளர எடுத்தேன். சமையலறையிலேர்ந்து அவரு சம்சாரம், மாமி, வந்து கண்ணாடி முன்னாடி நின்னாங்க. மாமா தோளுக்குக்கூட வரமாட்டாங்க.

“அவர் நெத்தியில இருந்ததை இறக்கி என் நெத்தியில வச்சுட்டேளே, கழட்டி எடுத்துண்டு போயிடுங்கோ.”

கவிதா மூஞ்சி வாடிப்போச்சு. நான் டம்ளரக் கீழ வச்சேன்.

ஓரம்

மூஞ்சி எப்பவும் நடுவுலதானே வரும், ஓரத்துக்கு யாரு போவான்னு எனக்குத் தோணுச்சு. “அத்தை, எல்லாத்தையும் இடது ஓரத்துல செங்குத்தா நிறுத்திடறேன்”னு அவளும் அதையே சொன்னா. மாமா நின்னாரு, மாமி நின்னாங்க, ரெண்டு நெத்தியும் காலி. மாமா நிதானமா திருமண் இட்டு முடிச்சாரு.

“இது இங்கேயே இருக்கட்டும். எங்க அண்ணாவுக்கும் ஒண்ணு வேணும். அவர் என்னைவிட ஒசரம், அளக்க எப்ப வரேள்?”

கண்ணாடி செய்யற வேலைன்னு நெனச்சு இறங்கினோம், அது ஊரு ஜனத்தோட நெத்தி ஒசரத்த அளக்கற வேலையா இருக்குங்க.