தட்டாமல் திறந்த கதவு

என் கணவர் க்ளென், ஓஹையோ ஆற்றங்கரையில் ஹார்லன்ஸ் ஃபெரி என்ற சின்ன ஊரில் 1949இல் பிறந்தவர். போர் முடிந்து வீடு திரும்பிய அப்பாக்களுக்கு வதவதவென்று பிள்ளைகள் பிறந்த காலம் அது. ஊரிலிருந்த எஃகு ஆலை மூடியதும் கொலம்பஸுக்கு வந்து, முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினார். வண்டியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. அதைச் சொல்லிக் காட்டாத நாளும் கிடையாது.

எனக்குப் பயம் பிடித்து இரண்டு வருஷம் ஆகிறது. பால் அலமாரியில் இருக்கும், சர்க்கரை குளிர்பெட்டியில் இருக்கும். தேவாலயத்திலிருந்து திரும்பும்போது சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருப்பார். "லெஃப்ட்" என்று முணுமுணுப்பேன். திருப்புவார். கண் பார்வை மங்கி நான் கார் ஓட்டுவதை எப்போதோ விட்டாயிற்று. அவருடைய கண், என் ஞாபகம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு டிரைவர். மகள் கிறிஸ்டினிடம் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. சொன்னால் சாவியை வாங்கிக்கொள்வாள். அப்புறம் இரண்டு கிழங்களும் நாலு சுவருக்குள் கிடக்க வேண்டியதுதான். சுயநலம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனாலும் அவள் மோப்பம் பிடித்துவிட்டாள். ஞாபகப் பரிசோதனைக்குப் போயே ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். க்ளெனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மேப் கீப் எதுவும் பார்க்காமல் பிறந்த ஊருக்குப் போய்த் திரும்புகிறேன், முடிந்தால் என்னைச் சும்மா விடு என்றார். கூட நான் இருக்கும் தைரியத்தில் அவளும் ஒப்புக்கொண்டாள். நான் வழி சொல்லக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை கிளம்பினோம். வழியெல்லாம் நான் கதவுப் பிடியை விடவே இல்லை. அவரோ ஒரு திருப்பத்தில்கூடத் தடுமாறவில்லை. ஊருக்குள் நுழைந்ததும், இடித்துப் போட்ட பௌலிங் கூடத்தில் வலது, எரிந்துபோன மரக்கடையில் இடது என்று, இல்லாதவற்றை அடையாளம் வைத்தே ஓட்டினார். அந்த ஊர்க்காரர்கள் எல்லாருமே அப்படித்தான் வழி சொல்வார்கள். எந்த வீட்டில் யார் இருந்தார்கள், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதுவரை சொல்லிக்கொண்டே வந்தார். இந்த மனுஷனுக்கா மறதி என்று எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறந்த வீட்டின் எதிரே காரை நிறுத்தினார். வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் போவதாகத்தான் பேச்சு. நான் பையைக் கிளறிக் கண்ணாடியை எடுப்பதற்குள் இறங்கிப் போய், வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார்.

அவருடைய சின்ன வயதில் ஹார்லன்ஸ் ஃபெரியில் முன்கதவு பாதிரியாருக்கும் சவப்பெட்டிக்கும்தான். மற்ற எல்லாரும் சமையலறைக் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு வருவார்கள். அது அறுபது வருஷத்துக்கு முந்தைய கதை. கண்ணாடியைப் போட்டதும்தான் வாசலில் இருந்த பலகை எனக்குத் தெரிந்தது. அத்துமீறி நுழைந்தால் சுடப்படுவீர்கள்.

ஓடினேன். என் முழங்கால் வலி எங்கே போயிற்றோ தெரியாது. சமையலறைக் கதவு திறந்திருந்தது. க்ளென் கால்மிதியில் காலை இரண்டு தரம் துடைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, ஆணி இல்லாத சுவரில் மாட்டினார். தொப்பி கீழே விழுந்தது.

"அம்மா, பசிக்குது. என்ன இருக்கு?"

அடுப்பருகே முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் நின்றிருந்தான். கையில் துப்பாக்கி. விரல் அதன் விசையில் இருந்தது.

"கையைத் தூக்கு. யாருய்யா நீ?"

க்ளென் கையைத் தூக்கவில்லை. நீ யார், எங்க அம்மா எங்கே என்று கேட்டபடி ஓர் அடி முன்னே வைத்தார்.

இரண்டு வருஷமாகத் தொண்டைக்குள் அடக்கி வைத்திருந்ததை அப்போது கத்தினேன்.

"சுட்டுடாதப்பா. அவருக்கு ஞாபகம் போயிடுச்சு. இது அவரு பொறந்த வீடு."

துப்பாக்கி மெல்லத் தாழ்ந்தது. அவன் அப்படியே நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துவிட்டான். கதவைத் தட்டக்கூடாதா தாத்தா என்றான். குரலில் அழுகை இருந்தது. தொப்பியை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்ததும் அவன்தான். க்ளென் அவனைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காருக்கு வந்ததும் வலப்பக்கக் கதவைத் திறந்து, என் இடத்தில் உட்கார்ந்தார். நான் சுற்றிக்கொண்டு போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன்.

"எப்பயிலேர்ந்து தெரியும் உனக்கு?"

"ரெண்டு வருஷமா."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். பயமாக இருந்தது என்றேன். தனக்கும்தான் என்றார். இத்தனை நாள் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரே பயத்தை ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறோம். சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"கிறிஸ்டின்கிட்ட நீயே குடு. நான் வச்சிருந்தா, குடுக்கணுங்கறதையே மறந்துடுவேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். கிறிஸ்டினுக்குப் போன் செய்தேன். மாப்பிள்ளையோடு கிளம்பி வருவதாகச் சொன்னாள். இரண்டு மணி நேரம் ஆகுமாம்.

பத்து நிமிஷம் போயிருக்கும். க்ளென் சட்டைப் பையைத் தடவினார். கால்சட்டைப் பையைத் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மார்லீன், சாவி எங்க? கிளம்பலாம். கிறிஸ்டின் காத்துக்கிட்டிருப்பா."

சாவி என் கைக்குள் வியர்வையில் நனைந்திருந்தது. கையை இன்னும் இறுக மூடிக்கொண்டேன்.