ஒரு பாறை, இரண்டு கடல்

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிக்கு விடுமுறை. நானும் மனைவியும் மேற்கு மலைக்குப் போனோம். இருவருக்கும் ஒரே கம்பெனியில்தான் வேலை. அங்கே ஒரு பழக்கம் உண்டு. ‘டப்’பென்று சத்தம் கேட்டால் யாரையும் பார்க்கக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது, அவரவர் பக்கத்து வாசல் வழியாக ஓட்டம்தான். இத்தனை வருடத்தில் இது காலுக்கே மனப்பாடம். மூளையை அது கேட்பதில்லை. என் மூளையை வேறு எதற்கும் யாரும் கேட்பதில்லை என்பது தனிக் கதை.

கூட வந்த வழிகாட்டி, உச்சியருகே ஓர் ஓடையைக் காட்டினார். எருமை படுத்தது போல் ஒரு பாறை. ஓடை அதில் மோதி இரண்டாகப் பிரிந்தது.

“இங்கிட்டுப் போறது நம்ம கம்மாய்களுக்கு, அப்புறம் கெழக்குக் கடலு. அங்கிட்டு எறங்குறது கேரளா, மேக்குக் கடலு,” என்றார்.

கணுக்கால் அளவுத் தண்ணீர். ஒரு விரற்கடை தள்ளி வந்த துளிக்கு வேறு கடல். எப்போதும் ஏதாவது உளறும் என் வாய், திறந்தபடி சும்மா நின்றது. என் மனைவி பாறைக்குக் கிழக்கே நின்றாள், நான் மேற்கே.

அப்போது காய்ந்த மரக்கிளை ஒன்று ‘டப்’பென்று முறிந்தது.

ஓடினேன். முள், கல், வழுக்கல் எதையும் பார்க்கவில்லை. நின்றபோது ஒரு செருப்பைக் காணோம். மனைவியையும் காணோம். முதலில் செருப்பைத்தான் தேடினேன் என்பதை இதுவரை அவளிடம் சொல்லவில்லை.

கூப்பிட்டேன். கல்லில் விழும் தண்ணீர் இரைச்சல் என் குரலை விழுங்கியது. அவளும் தண்ணீரோடு கீழேதான் ஓடியிருப்பாள் என்று இன்னும் இறங்கினேன். திடீரென்று சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடித்தது. மேற்கு! இறங்க இறங்க அவளைவிட்டு விலகிக்கொண்டிருக்கிறேன். யானை நடமாடும் காட்டில் அவள் தனியாக. அந்த நிலையிலும், மலையாளத்தில் ‘சேட்டா’வுக்கு மேல் தெரியாதே என்று ஒரு கவலை.

தண்ணீரை எதிர்த்து நான்கு காலில் ஏறினேன்.

பாறைமேல் வழிகாட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தார். மறுபக்கப் பள்ளத்திலிருந்து, நனைந்த சேலையோடு அவள் ஏறி வந்தாள்.

“எங்கன போனீக?”

“கேரளாவுக்கு. நீ?”

“நம்ம சாத்தூருக்கு!” என்று கத்தினாள். “என்னைய விட்டுட்டு ஓடுனீகளே, நீங்கல்லாம் ஒரு மனுசனா?”

“நீ மட்டும் என்னையக் கூட்டிக்கிட்டா ஓடுன?”

 

“ஒரு கெளை ஒடிஞ்சதுக்கு ஆளுக்கொரு சீமைக்கு ஓடுறீகளே!” என்று சிரித்தார் வழிகாட்டி.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மேற்கே போகும் தண்ணீரின் வாயில் காலை வைத்து அடைத்தாள். கிழக்குப் பக்கம் சட்டென்று நீர் ஏறியது. அந்த ஒரு காலுக்கு அம்புட்டுக் கடலும் கட்டுப்பட்டதுபோல் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“நம்ம ஊருக்குக் கொஞ்சம் கூடப் போகட்டும்,” என்றாள்.

“மறிக்காதீக தாயி, அங்கிட்டும் குடிக்க ஆளு இருக்கு,” என்றார் அவர்.

காலை எடுத்தாள். தண்ணீர் பழையபடி பிரிந்து போனது. என் மணிக்கட்டை மட்டும் அவள் விடவில்லை.