நாற்பத்திரண்டாம் எழுத்தை விட்டுக்கொடுக்காத வளர்மதி

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் திண்டிவனம் வண்டிக்கு நின்றிருந்தபோது அக்கா போன் செய்தாள். "வளரு போயிட்டாடா." ஓராண்டாகப் புற்றுநோயோடு மல்லுக்கட்டிய அவள் மகள். "பொய் சொல்லாத!" என்று கத்தினேன். கிளம்பிய மூன்று பேருந்துகள் அப்படியே நின்றுவிட்டன.

வளர்மதியிடம் கல்லூரியில் படித்தவர்களே, உங்களுக்கு அவள் பேராசிரியை. எனக்கு, திண்டிவனத்தில் என் பிரவுசிங் சென்டரில் மூலைக் கணினியைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் விடாதவள். அன்று மாவட்டத்திலேயே வேகமான இணையம் என்னுடையதுதான். சென்னையிலிருந்தே ஆள் வருவார்கள்.

புரதம் என்பது எழுத்துகளைக் கோத்த மாலை. சில எழுத்துகள்மேல் உடம்பு பாஸ்பேட் என்ற முத்திரையைக் குத்தும். மரபணுப் பிழையால் அந்த எழுத்தே மாறிவிட்டால் முத்திரைக்கு இடமில்லை; நோய் வரலாம். எந்தப் புரதம், எத்தனையாவது எழுத்து, என்ன பிழை என்று கட்டுரை கட்டுரையாகப் படித்து, தானே தொடங்கிய இணையத் தரவுத்தளத்தில் ஏற்றினாள் வளர்மதி. எட்டாவதோடு நின்ற நானே இவ்வளவு சொல்கிறேன் என்றால், அவள் எப்படிச் சொல்லியிருப்பாள் பாருங்கள்.

ஏற்றுமுன் ஒருவர் உரக்கப் படிக்க, ஒருவர் திரையில் சரிபார்க்க வேண்டும் என்பது அவள் சட்டம். படிப்பவன் நான்.

"ஜல்தியா படிக்காத மாமா, எழுத்த முழுங்கற."

"முழுங்கறதுக்கு இது இன்னா வறுத்த மல்லாட்டையா?"

ஒருநாள், இப்படிப்பட்ட தளங்களைப் பட்டியலிட்டுத் தானும் ஒரு தரவுத்தளம் நடத்தும் பெரிய நிறுவனம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. மூலக் கட்டுரையில் நாற்பத்தொன்று என்றிருக்கும் இடத்தை அவள் நாற்பத்திரண்டு என்று போட்டிருக்கிறாளாம். 'தவறுக்கு வருந்துகிறேன்' என்று அவர்களே எழுதி இணைத்திருந்த வருத்தக் கடிதத்தில் கையெழுத்திட்டு அனுப்பாவிட்டால், தங்கள் பட்டியலிலிருந்து அவள் தளத்தையே நீக்கிவிடுவார்களாம். கல்லூரி வேலை நிரந்தரமாகாத நேரம். பெயர் கெட்டால் அதுவும் போகும்.

"ஒரு நம்பர்தானே, கையெழுத்துப் போட்டுக் குடுத்துடேன்டி" என்று அக்கா அழுதாள்.

வளர்மதி என்னைப் படிக்கச் சொன்னாள். முதல் எழுத்திலிருந்து விரல் வைத்து எண்ணினேன். நாற்பத்தொன்றில் எல். அதன்மேல் பாஸ்பேட் ஒட்டாது என்று எனக்கே தெரியும். அடுத்தது எஸ். "இங்கதான் குந்தும்!" நான் போட்ட சத்தத்தில் கடையே எழுந்து நின்றது. உடம்பு பிற்பாடு வெட்டி எறியும் முதல் எழுத்தை மூலக் கட்டுரைக்காரர்கள் எண்ணவில்லை; அதனால்தான் அவர்களுக்கு நாற்பத்தொன்று. நிறுவனத்தாரோ அந்த எண்ணை அப்படியே முழு மாலையில் வைத்துவிட்டார்கள். இதை வளர்மதி விளக்கி எழுதியும் அவர்கள் கேட்கவில்லை.

"போட மாட்டேன் மாமா. போட்டா, நாளைக்கு ஒரு டாக்டரு தப்பான எழுத்தத் தேடிக்கினு இருப்பாரு."

நீக்கினார்கள். தளத்தைத் தனியாகவே நடத்தினாள். இரண்டு வருடம் கழித்து, அவர்கள் தரவுத்தளத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் நாற்பத்திரண்டு என்று மாறியிருந்தது. நான் ஆயிரம்வாலா வாங்கிக் கொளுத்தினேன். "அடங்கு மாமா, இன்னும் நெறைய தப்பா வச்சிக்கினு இருக்கானுங்க" என்றாள்.

சாவு வீட்டில் ஒருவர், "இவ்ளோ படிச்சி இன்னாத்த கண்டுது பொண்ணு?" என்றார். "உன் பேரனுக்கு ஒண்ணுன்னா, அவ எழுதனதத்தான்யா டாக்டரு தொறந்து பாப்பாரு" என்றேன்.

அந்த வருத்தக் கடிதம் என்னிடம்தான் இருக்கிறது. லேமினேஷன் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன். கையெழுத்துக்கான கோட்டின்மேல் ஒன்றும் இல்லை. வந்து பாருங்கள்.