மாமனார் பெயர்

ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் என் அப்பாவுக்கு அடுத்த கட்டிலில், பைக்கிலிருந்து விழுந்து நினைவு தப்பிய இளைஞன் ஒருவன் கிடந்தான். ஒடிசலான அவன் அம்மா, நிமிடத்துக்கொரு முறை முக்காட்டைச் சரிசெய்தபடி, "ராசா, ராசா" என்று அழைத்துக்கொண்டே இருந்தார். தலைமாட்டு அட்டையில் இப்ராஹிம் என்றிருந்தது.

"பேரச் சொல்லிக் கூப்பிடுங்கக்கா, முழிச்சிருவான்" என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

"எங்க மாமனார் பேரத்தான் இவனுக்கு வச்சிருக்கு தம்பி. அவிய பேர நான் எப்படிச் சொல்ல? பெத்த நாள்லேருந்து எனக்கு இவன் ராசாதான்."

மறுநாள் மகனுக்கு மூச்சு குறையத் தொடங்கியதும் துணிந்துவிட்டார். இப்ராஹிம், இபுராகிம், இப்ராமு என்று தெரிந்த விதமெல்லாம் கூப்பிட்டார். அவன் போய்விட்டான்.

"எங்கொரல்ல அந்தப் பேர அவன் கேட்டதே இல்லையே. வேற யாரையோ கூப்பிடுதேன்னு நெனச்சிருப்பானோ தம்பி?"

சொல்லச் சொன்னவன் நான்.