ரபீக்காவும் ஐந்து வாய்க் குக்கரும்

குறிஞ்சாக்கேணியில் ரபீக்கா என்ற பெயரில் நாலு பேர் இருக்கிறார்கள். இது மீன் யாவாரி ஜவ்பரின் பெண்சாதி ரபீக்காவின் கதை. உமல்கத்தாவின் மூத்த மகள், மௌத்தாகி மண்ணுக்குப் போன தங்கச்சி ரிப்காவின் ராத்தா, ஷிஃபானாவின் உம்மா என்று சொன்னால் ஊரில் பாதிப்பேருக்கு ஆள் விளங்கிவிடும். மிச்சப் பாதிக்கு, 'காஸுக்குப் பயந்த ரபீக்கா' என்றால் போதும்.

அந்தப் பயம் பிறவியில் வந்ததல்ல. கலியாண வீடுகளில் விறகை இழுத்துப்போட்டு, கிடாரம் கிடாரமாய்ச் சோறு ஆக்கி இறக்கினவள் அவள். புகைக்குக் கண்ணைச் சுருக்கமாட்டாள். அப்படிப்பட்டவளுக்குப் பயம் பக்கத்து வளவிலிருந்துதான் வந்தது.

உமல்கத்தா தன் இரண்டு மகள்மாருக்கும் பக்கத்துப் பக்கத்தில் வளவு கொடுத்து, வீடு கட்டி, மாப்பிள்ளை எடுத்தவள். இளையவள் ரிப்கா கொஞ்சம் நாகரிகம். ஊரில் முதல் காஸ் அடுப்பு வாங்கின நாலைந்து பேரில் அவளும் ஒருத்தி. ஒரு நோன்பு மாதம், பின்னேரம் அஸர் தொழுது முடிந்த நேரம், கஞ்சி காய்ச்சக் குசினிக்குள் போனாள். ஒழுங்கைக்குத் தார் போட அந்நிய ஆண்கள் வந்து சன்னலோரமாய் நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய கண் படும் என்று காலையிலேயே சன்னலையும் பின்கதவையும் இறுக்கிச் சாத்தி வைத்திருந்தாள். காஸ் குழாயில் எங்கேயோ வெடிப்பு விட்டுக் கசிந்திருக்கிறது. பாவிக்கு அன்றைக்குப் பார்த்துத் தடிமல், மூக்கு அடைப்பு. ஒரு மணமும் பிடிபடவில்லை. நெருப்புக்குச்சியைத் தட்டினாள்.

ரபீக்கா அப்போது கிணற்றடியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டதாக அவளுக்கு இன்றுவரை ஞாபகமில்லை. சாத்தியிருந்த சன்னல் சட்டத்தோடு முற்றத்தில் வந்து விழுந்ததைத்தான் முதலில் கண்டாள். அதற்குப் பிறகு கண்டதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தங்கச்சி அடுத்த வெள்ளியைக் காணவில்லை.

அன்றிலிருந்து ரபீக்கா வீட்டுக்குள் காஸ் நுழையவில்லை. பின்பக்கத்துக் கொட்டிலில் விறகடுப்புத்தான். பிறகொரு மழைகாலத்தில் நாடெல்லாம் காஸ் வெடிக்கிறது என்று செய்தி வந்தபோது, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வீடு வீடாய்ப் போய், "சிலிண்டரை வெளிய தூக்கி வைங்க புள்ளையள்" என்று கெஞ்சினாள். முதலில் சிரித்தவர்கள் பிறகு சிரிக்கவில்லை.

இப்படியிருந்தவளுக்குத்தான் மருமகனாக ஒரு குசினிக்காரன் வந்து வாய்த்தான்.

அர்ஷாக் மூதூர்ப் பிள்ளை. டோஹாவில் பெரிய ஹோட்டலொன்றில் சமையல். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்து ஷிஃபானாவின் வீட்டுக்கு வந்தான். புது வீடு மகளுக்கு, பின்னால் ஒரு அறை உம்மாவுக்கும் வாப்பாவுக்கும், குசினி மட்டும் எல்லாருக்கும் ஒன்று. லீவில் வருவான், போவான். இந்த முறை வந்தவன், திரும்பிப் போகாமல் வீட்டிலிருந்தே கலியாணச் சாப்பாடும் கேக்கும் செய்து கொடுக்கப் போவதாகச் சொன்னான். அதற்கு ஒரு நல்ல குக்கர் வேண்டும். ஹோட்டலில் இருக்கிற மாதிரி, வீட்டுக்கு அளவாக.

ஷிஃபானா மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். புருஷன் நிற்கப் போகிறான் என்றதும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை ரபீக்கா கண்டாள். வேண்டாம் என்றால் மருமகன் கடல் கடந்து போய்விடுவான். சரி என்றால் ரிப்காவின் அடுப்பு வீட்டுக்குள் வந்துவிடும்.

இதில் இன்னொரு வில்லங்கம். இப்போதுள்ள பிள்ளைகள் மாமியோடு பகிடி விட்டுச் சிரிக்கிறார்கள். ரபீக்கா பழைய ஆள். மருமகன் முன்னால் வந்தால் கதவுக்குப் பின்னால் போவாள், முகம் பார்த்துக் கதைக்கமாட்டாள். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வாள், மகள் அவனிடம் சொல்வாள். அவன் பக்கத்திலேயே நின்றாலும் அப்படித்தான்.

"மகள், அவருக்குச் சொல்லு, எங்களுக்கு இந்தப் பெரிய சாமான் எல்லாம் வேணாம் எண்டு."

ஷிஃபானா போய்ச் சொன்னது வேறு. "உம்மா சொல்றா, உங்கட விருப்பம்தானாம்."

முழுப் பொய் என்றும் சொல்ல ஏலாது. எங்கள் ஆட்கள் ஒரு பரிசுக்கு 'வேணாம்' என்றால் அது மரியாதைக்குச் சொல்லும் 'வேணாம்'. மூன்று தரம் வேண்டாம் என்று சொல்லி நாலாம் தரம் வாங்கிக்கொள்வதுதான் நடப்பு. ரபீக்காவும் மூன்று தரம் சொன்னாள். அர்ஷாக் சந்தோஷமாய் மாமியையும் பெண்சாதியையும் ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்கு ஓட்டோ பிடித்தான்.

கடை துறைமுகப் பக்கத்து வீதியில். கண்ணாடிக் கதவை அகலத் திறந்து வைத்திருந்தார்கள், கடல் காற்று நேரே உள்ளே வந்தது. சேல்ஸ்காரப் பொடியன் பிரதீபன் வாய் ஓயாதவன்.

"வாங்க அம்மா, இருங்க. மருமகன் வாங்கித் தாறாரோ? குடுத்து வைச்சனீங்கள்."

ரபீக்கா கதிரை நுனியில் இருந்தாள். வரிசையாய் நின்றவற்றைப் பார்த்தபோது குக்கர் மாதிரியே தெரியவில்லை. பளபளவென்று வங்கி அலுமாரிகள் மாதிரி நின்றன.

முதலாவது மின்சாரம். மேலே கறுப்புக் கண்ணாடி, நெருப்பே இல்லை. ரபீக்காவின் மூச்சு கொஞ்சம் இறங்கியது. "மகள், இது நல்லமே?" என்றாள்.

அர்ஷாக் மனைவியைப் பார்த்து, "இதில கிடாரம் வைக்கேலாது. கரண்ட் போனா ஓடர் எடுத்த வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்றது? கேக்குக்கு எண்டா நல்லம்" என்றான்.

இரண்டாவது மேலே காஸ், கீழே மின்சார ஓவன். நெருப்பு வரும் வாய் ஐந்து, நடு வாய் பெரிய தாச்சிச் சட்டிக்கு. சட்டி வைக்கிற இரும்புக் கால்கள் தடிப்பு. இத்தாலிச் சாமான் என்றான் பிரதீபன். அர்ஷாக் குனிந்து ஓவன் கதவைத் திறந்தான், மூடினான், கதவின் பாரத்தைக் கையால் பார்த்தான். ஆள் முகத்தில் மாப்பிள்ளைக் களை.

மூன்றாவதும் ஐந்து வாய்தான். மேலே கண்ணாடித் தட்டு, ஓவனும் காஸ். பார்வைக்கு இதுதான் ராசாத்தி. ஷிஃபானா தடவிப் பார்த்தாள். "துடைக்க லேசு, என்ன? இதை எடுப்பமே?"

"பத்த வைச்சே காட்டுறன் தங்கச்சி" என்று பிரதீபன் முன்வாய்களில் ஒன்றைக் கொளுத்தினான். நீலமாய் ஒரு பூ மாதிரி எரிந்தது. ரபீக்கா முகத்தை வீதிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று உதட்டுக்குள் ஓதினாள்.

மற்ற மூவரும் குனிந்து ஓவனுக்குள் பார்த்தார்கள். பிரதீபன் தட்டு எத்தனை, விளக்கு எப்படி, கோழி எத்தனை வேகும் என்று அளந்துகொண்டே போனான். கடற்காற்று ஒரு வீச்சு வந்து போனது. நெருப்பு அணைந்ததை ஒருவரும் காணவில்லை. ரபீக்காவும் காணவில்லை, அவள்தான் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாளே. அவளுக்கு மணம்தான் வந்தது. அழுகின முட்டை மாதிரி, வெங்காயம் மாதிரி, அந்த மணம்.

திரும்பினாள். சீ என்ற மெல்லிய இரைச்சல். அர்ஷாக் நிமிர்ந்து, "ஆ, நூந்திட்டு" என்று சொல்லி லைட்டரை எடுத்துக் கிட்டக் கொண்டு போகிறான். ஷிஃபானா இன்னும் குனிந்தபடி.

கதிரை விழுந்த சத்தம் மட்டும் எல்லாருக்கும் கேட்டது.

"தொடாதீங்க! மகன், தொடாதீங்க!"

ரபீக்கா மருமகனுடைய மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முக்காடு தோளில் கிடந்தது. முகத்துக்கு நேரே முகம். அவன் குரலைக் கேட்டிருக்கிறாளே தவிர, இவ்வளவு கிட்ட அவன் முகத்தை அவள் பார்த்ததில்லை. அவனும்தான்.

பிரதீபன் பாய்ந்து திருகியை மூடினான். "ஒண்டுமில்ல அம்மா, ஒண்டுமில்ல. கதவு திறந்துதானே கிடக்கு. கூடினா லேசா 'பக்' எண்டிருக்கும், அவ்வளவுதான்."

"என்ட தங்கச்சிக்கும் அவ்வளவுதான் எண்டு நினைச்சியோ மனே?"

ஷிஃபானா கதிரையை நிமிர்த்தி உம்மாவை இருத்தினாள். பிறகு ரபீக்கா கதைத்தாள். மகளைப் பார்த்து அல்ல, மருமகனைப் பார்த்து. சாத்தின சன்னல் முற்றத்துக்கு வந்தது, பின்கதவால் ரிப்கா நடந்து வந்தது, "ராத்தா, எரியல்ல, குளிருது" என்று அவள் சொன்னது, எல்லாம். சாச்சி ரிப்கா நெருப்புப் பட்டு மௌத்தானாள் என்ற மட்டில்தான் ஷிஃபானாவுக்குத் தெரியும். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"மாமி," அர்ஷாக் கீழே குந்தினான். "என்ட விருப்பம்தான் எண்டு நீங்க சொன்னதாயெல்லோ இவ சொன்னவ?"

"நான் வேணாம் எண்டு மூண்டு தரம் சொன்னனான்."

"ஏன்டி?" என்று அவன் பெண்சாதியைப் பார்த்தான். ஷிஃபானா மூக்கை உறிஞ்சினாள். "சொன்னா நீங்க போயிருவீங்க."

அர்ஷாக் கையிலிருந்த லைட்டரைக் கீழே வைத்தான். வெளியே ஒரு லொறி உறுமிக்கொண்டு போனது.

"காஸே வேணாம் எண்டா சொல்லுங்க மாமி, விட்டிருவம். நான் டோஹாக்குப் போறன். கோபத்தில சொல்லல்ல."

ரபீக்கா மகளின் வயிற்றைப் பார்த்தாள். சரி என்று சொல்ல வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. "நூந்தா என்ன செய்யும் எண்டுதான் எனக்குப் பயம், மகன். எரியிற நெருப்புக்கு நான் பயமில்ல. நூந்த நெருப்புக்குத்தான் பயம்."

அர்ஷாக் எழும்பினான். இரண்டாவது குக்கரைக் காட்டிப் பிரதீபனிடம், "இதில நெருப்பு நூந்தா காஸ் தானா நிக்குமெல்லோ?" என்று கேட்டான்.

"ஓம் அண்ணன், எல்லா வாய்க்கும். உள்ளுக்க ஒரு ஊசி மாதிரி இருக்கு, அது ஆறினா வால்வு மூடிரும்."

"மூடும் எண்டு ஆர் கண்டது?" ரபீக்கா கேட்டாள்.

"அம்மா, கொம்பனிக்காரன் கண்டவன்."

"கொம்பனிக்காரன் எங்கட குசினிக்க வந்து படுப்பானோ?"

அர்ஷாக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டான். குழாயை இரண்டாவதுக்கு மாற்றச் சொன்னான். ஷிஃபானாவை வீதிக்கு அனுப்பச் சொன்னது ரபீக்காதான். "அவ போகட்டும். வயித்தில புள்ள. தூரப் போய் நிக்கச் சொல்லுங்க." அதையும் அவனிடமே சொன்னாள்.

அவன் நடுவாயைக் கொளுத்தினான். ஊசி சூடாகட்டும் என்று நிற்க வைத்தான். பிறகு ஊதி அணைக்கக் குனிந்தான்.

"விடுங்க," என்றாள் ரபீக்கா. "நான் ஊதுறன்."

நீங்கள் ஊதினால் என்ன, நான் ஊதினால் என்ன என்று அவன் கேட்கவில்லை. ஒதுங்கி இடம் விட்டான். அவள் முக்காட்டைப் பின்னுக்கு இழுத்துக் கட்டிக்கொண்டு கிட்ட வந்தாள். எத்தனை வருடம் ஊதுகுழல் பிடித்த வாய் அது. முதல் ஊதலில் மூச்சே வரவில்லை. இரண்டாவதில் நீலம் படக்கென்று போனது.

இரைச்சல் வந்தது. மணம் வந்தது. ரபீக்கா ஓடவில்லை. ஓட வேண்டும் என்று உடம்பு முழுக்கச் சொன்னது, குக்கரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மருமகனும் பக்கத்தில் நின்றான். அவன் நெற்றியிலும் வியர்வை. இரைச்சல் நிற்கவில்லை. நிற்கவேயில்லை. உதட்டுக்குள் கலிமா ஓதத் தொடங்கினாள்.

டக்.

உள்ளே ஏதோ விழுந்து மூடின மாதிரி ஒரு சின்னச் சத்தம். இரைச்சல் நின்றது.

"பாத்தீங்களோ அம்மா!" பிரதீபன் கை தட்டினான். "அப்ப பில்லை எழுதட்டே?"

ரபீக்கா விளிம்பை விடவில்லை. மருமகனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னொருக்கா கொளுத்துங்க மகன்," என்றாள். "மத்த நாலு வாயையும் ஊதிப் பாக்கோணும்."